பாறையில் நிற்பவன்

மதியம் இரண்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் எதிர்க்கரையில் ஒருவன் வந்து பாறைமீது ஏறி நின்றான். படகுக்காரர் அப்போது துறையில், டிக்கெட் அறையின் வாசற்படியில் உட்கார்ந்து அவித்த முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். பாதி உரித்ததை டப்பா மூடியில் வைத்துவிட்டுப் பைனாகுலரை எடுத்தார். நீல ஜாக்கெட், முதுகில் மூட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல், மூக்கின்மேல் கண்ணாடி. அவன் ஊன்றுகோல்களைக் கீழே சாய்த்து வைத்தான். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்து அசையாமல் நின்றான். பத்தடி தூரத்தில் பலகை இருந்தது. அதை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படகுக்காரர் பைனாகுலரை இறக்கினார். முட்டையை எடுத்து மீதி ஓட்டை நிதானமாக உரித்தார்.

"வந்துட்டாரா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"எவனோ நிக்கிறான்."

"எங்க நிக்கிறாரு?"

அவர் முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு கடலில் சேரும் இடம் அது. கரையோரமாகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும் நடைபாதை இங்கே தண்ணீரில் அறுந்து எதிர்க்கரையில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர். சுற்றிப் போவதென்றால் மேலே சாலைப் பாலம், இருபது கிலோமீட்டர். மழையும் காற்றும் ஓய்ந்த ஐந்து மாதம் மட்டும் படகு ஓடும். அதுவும் கடல் ஏற்றம் இருக்கும்வரைதான். கடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டால் எதிர்க்கரைக்குச் சற்று முன்னால் மணல்திட்டு முதுகைக் காட்டிவிடும். எதிர்க்கரையில் ஒரு கம்பத்தில் ஆள் உயரப் பலகை. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. படகு வேண்டியவர் வெள்ளையை ஆற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். அவர் போய் ஏற்றிக்கொண்டு, கறுப்பைத் திருப்பிவிட்டு வருவார். கூப்பிட்டால் போகமாட்டார். விசில் அடித்தால் போகமாட்டார். ஒருமுறை ஒரு கூட்டம் சிவப்புத் துண்டைக் குச்சியில் கட்டி முக்கால் மணி நேரம் ஆட்டியது. அவர் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கம்பத்திலேயே எழுதியிருக்கிறது; படித்தவர்கள்தானே, படிக்கட்டும். இதனால் ஊரில் அவருக்குச் சட்டம் என்று பெயர். "சட்டம் இன்னிக்கு ஓடுதா?" என்று அவர் காதுபடவே கேட்பார்கள்.

வீட்டு ஆட்களுக்குப் பலகை கிடையாது. பலகைக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு பாறை. மனைவி அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போதும், மகள் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதில் ஏறி நின்றால் போதும். கை ஆட்ட வேண்டாம். படகு வரும். பலகையைத் தொட்டவர் பயணி, பாறையில் நின்றவர் வீடு. இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாருக்கும் சொன்னதும் இல்லை.

நடைபாதையில் வருகிறவர்களைக் கால்நடைகள் என்றுதான் சொல்வார். முகத்துக்கு நேரே இல்லை. படகைத் தள்ளும்போது, வாய்க்குள். இருபத்திரண்டு வருடத்தில் அவர்களைப் பற்றி நல்லபடியாக நினைக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் கார் வைத்திருப்பவர்கள். ஒரு மாடி ஏற லிஃப்ட் தேடுகிறவர்கள். லீவு போட்டு, அதற்கென்று உடுப்பு வாங்கி, மூன்று வாரம் கடலை ஒட்டியே நடக்கிறார்கள். கணுக்கால் நனைந்தால் கூச்சல் போடுகிறார்கள். சேற்றைப் படம் எடுக்கிறார்கள். செத்த நண்டைப் பல கோணங்களில் படம் எடுக்கிறார்கள். படகில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, இது ஆறா கடலா. அடுத்தது, ஆழம் எவ்வளவு. மூன்றாவது கேள்வியல்ல, பாராட்டு: உங்களுக்கென்ன, நிம்மதியான வாழ்க்கை. அதைச் சொன்னவர் யாராயிருந்தாலும், ஓர் அலை உள்ளே வந்து அவர் மடியில் விழும்படி படகைத் திருப்ப அவருக்குத் தெரியும்.

அப்படி வந்த ஒரு கால்நடைதான் மருமகன். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தான். மகள் அப்போது டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை அவனுக்கு. சுவரில் எழுத்துகளைக் காட்டி இது தெரியுதா, அது தெரியுதா என்று கேட்க வேண்டும். இதற்கு நாலு வருடப் படிப்பு வேறு. அந்த ஒரு சீசனில் மூன்று தடவை ஆற்றைக் கடந்தான். ஒரே பாதையை மூன்று தடவை நடக்கிறவனுக்கு மண்டையில்தான் ஏதோ கோளாறு என்று படகுக்காரர் நினைத்தார். டிக்கெட் ஜன்னல் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியிருந்தது. கல்யாணம் நகரத்தில் நடந்தது. அவர் போனார், உட்கார்ந்தார், சாப்பிட்டார், வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் முதல் தடவை வந்த அன்றுதான் அது நடந்தது. மகள் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்துப் பேசிக்கொண்டு பின்னால் நின்றுவிட்டாள். முன்னால் வந்தவன் பழக்கதோஷத்தில் பலகையைத் திருப்பிவிட்டான். படகுக்காரர் போனார். வேறு ஒன்பது கால்நடைகளும் ஏறின. நடு ஆற்றில் ஒவ்வொருவராக டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர், மருமகனிடமும் கையை நீட்டினார்.

"அப்பா," என்றாள் மகள்.

"பலகையைத் திருப்பினவங்க டிக்கெட் எடுக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் பர்ஸை எடுத்தான். மாமனார் விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான். டிக்கெட் கைக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. மகள் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். அன்று மாலையே இருவரும் பேருந்து ஏறி, பாலம் வழியாகத் திரும்பிப் போனார்கள்.

"ஊரான் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுறான், எது வீடு எது துறைன்னு அவன் கண்ணுக்குத் தெரியலை," என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னார்.

"நீங்க சொன்னீங்களா அவர்கிட்ட?"

"சொல்லித்தான் தெரியணுமா?"

அதன்பிறகு இரண்டரை வருடம் அவர்கள் வரவில்லை. குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் அதைப் பார்த்தது மனைவியின் போனில், கட்டைவிரல் அகலத்துக்கு.

போன வாரம் மகள் போனில் பேசினாள்; மனைவியிடம்தான். என் வீட்டுக்காரர் நாலு நாள் லீவு போட்டுக் கரையோரமாகவே நடந்து வர்றார். எந்த இடத்துல அப்பா அவரை அசிங்கப்படுத்தினாரோ அந்த இடத்துலதான் வந்து நிப்பார். அப்பா போய்க் கூட்டிட்டு வரட்டும். நான் பிள்ளையோட டவுன் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். நீ போன் பண்ணினா மூணே முக்கால் பஸ்ல ஏறி வர்றேன். இல்லேன்னா ரெண்டு பேரும் ராத்திரி ரயிலுக்குத் திரும்பிடறோம். இனிமே அந்தத் துறைக்கு நான் வரவே மாட்டேன்.

மனைவி இதை ஒரு எழுத்து பிசகாமல் அவரிடம் ஒப்பித்தாள். பிறகு மகளின் அறையைக் கழுவினாள். அங்கே அடைத்து வைத்திருந்த பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை வெளியே எடுத்துப் போட்டாள். எங்கேயோ போய் ஒரு தொட்டிலை இரவல் வாங்கி வந்தாள். அதன் ஒரு கால் ஆடியது. "இதை ஆட்ட வேண்டியதே இல்லை, தானா ஆடும்," என்றார். அவள் நாலாக மடித்த அட்டையைக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

இப்போது அவன் நிற்கிறான். இரண்டே கால். இரண்டரை. அவர் இன்ஜினைத் துடைத்தார். துடைத்த இன்ஜினையே மறுபடி துடைத்தார். நடுநடுவே பைனாகுலர் வழியாகப் பார்த்தார். அவன் உட்காரக்கூட இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். பாறையில் நின்று கூப்பிடும் பழக்கத்தை மகள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுத்ததை வந்து ஒப்பிக்கிறான், பரிட்சை எழுத வந்தவன் மாதிரி. இப்படி ஒரு கழுத்து விறைப்பு. கடையில் உட்கார்ந்து எழுத்துக் காட்டுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு கழுத்து?

மூன்று மணிக்கு எதிர்க்கரையில் மஞ்சளாக இரண்டு உருவங்கள் வந்தன. ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட கணவனும் மனைவியும். கம்பத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்திருப்பார்கள். பலகை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, தயங்கி, வெள்ளையாக நின்றது. படகுக்காரர் எழுந்தார். மனைவி ஜன்னலில் தலையை நீட்டினாள். பலகை திரும்பிவிட்டது, இனி போவது தொழில். போனால் அவனும் கூட ஏறிக்கொள்வான். யாரும் யாரையும் கூப்பிட்டதாக ஆகாது. இதைவிடச் சுலபமாக முடியாது என்று அவருக்கு ஒரு கணம் உற்சாகமாகக்கூட இருந்தது.

கரையை ஒட்டினார். மஞ்சள் ஜோடி ஏறியது, கை கொடுத்து, கை வாங்கி, சிரித்து. அவர் இறங்கிப் போய்ப் பலகையைக் கறுப்பாக்கினார். பாறை பத்தடிதான். மருமகன் முகத்தில் நாலு நாள் தாடி. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். படகைத் திரும்பிப் பார்த்து, இடம் இருக்கிறது என்பது போலத் தலையை அசைத்தார்.

"அது அவங்களுக்காக வந்த படகு மாமா," என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். "நான் பலகையைத் திருப்பலையே."

படகுக்காரர் திரும்பி நடந்து படகைத் தள்ளினார்.

நடு ஆற்றில் மஞ்சள்காரர் வாயைத் திறந்தார். இது ஆறா கடலா என்றார். பதில் வராததைக் கவனிக்காமல், "அந்தத் தம்பியையும் கூப்பிட்டோம் அண்ணே, வரலைங்கிறாரு. அவரோட மாமனாரு வந்து கூட்டிட்டுப் போவாராம்," என்றார்.

"ரெண்டு பிஸ்கட் குடுத்தோம், அதையும் வேண்டாம்னுட்டாரு," என்றாள் மஞ்சள்காரி. "வெயில்ல நின்னு மூஞ்சியெல்லாம் கருத்துப்போச்சு. எந்த மாமனாரோ, இப்படியா ஒரு பிள்ளையைக் காக்க வைக்கிறது? வீட்ல மனுஷங்கதான இருக்காங்க?"

"கடைசிப் படகு எத்தனை மணிக்குண்ணே?"

"மூணரை."

"அதுக்குள்ள அந்த ஆளு வந்துருவாரா?"

படகுக்காரர் படகைத் திருப்பவில்லை. அலை எதுவும் உள்ளே விழவில்லை. டிக்கெட் கிழிக்க மறந்துபோனதும் கரை சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி துறையின் விளிம்பில் நின்றிருந்தாள். வேறு சேலை மாற்றியிருந்தாள். இறங்கிய இரண்டு மஞ்சளையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் காலியாக இருந்த படகைப் பார்த்தாள்.

"ஏறலையா?"

"அவன் பலகையைத் திருப்பலை."

அவள் ஓர் அடி அருகில் வந்தாள். பிறகு, மஞ்சள் ஜோடிக்குக் கேட்காத குரலில், "திருப்பினப்போ டிக்கெட் கேட்டீங்க. திருப்பாம நின்னா படகு இல்லைங்கிறீங்க. அந்த மனுஷன் வேற என்னதான் பண்ணணும், பறந்து வரணுமா?" என்றாள்.

"திமிரு."

"ஆமா. உங்ககிட்ட இருக்கிறதுல பாதிதான் இருக்கும். அதுக்கே உங்களுக்குத் தாங்கலை."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மணி மூன்றரை. அவர் கண் எதிரிலேயே எண்ணை அழுத்தினாள். "ம்... ஆமாம்மா. அப்பாதான். கிளம்பிட்டாரு. சத்தம் கேக்கலையா? காத்து அந்தப் பக்கமா அடிக்குது. நீ பஸ் ஏறு. ஜன்னல் ஓரமா உக்காராதே, பிள்ளைக்குக் காது அடைச்சுக்கும். ம்... சந்தோஷமாத்தான் இருக்காரு. வை."

"எதுக்குடி பொய் சொல்றே?"

"பொய்தான். அப்படியே இருக்கட்டும்னா இங்கயே உக்காருங்க."

டிக்கெட் ஜன்னலின் பலகைக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். சீசனில் ஒருநாளும் அந்தக் கதவு ஐந்து மணிக்கு முன்னால் சாத்தியதில்லை.

அவர் படியில் உட்கார்ந்தார். பொம்பளை தந்திரம், என்று நினைத்தார். முப்பத்தோரு வருடம் கூட இருந்து கற்றுக்கொண்டது இதைத்தான். மகள் மட்டும் என்ன, அப்பனுக்கே பரிட்சை வைக்கிறாள். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், வாயில் வருவதெல்லாம் பட்டப்பெயர். கால்நடைகள் ஒரு பக்கம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிற்க வைத்து ஏசினார். ஏசி முடித்தபோது ஆள் தீர்ந்துபோயிற்று. எதிரே பாறையில் ஒருவன் நிற்பது மட்டும் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. தண்ணீர் துறையின் மூன்றாவது படியை விட்டு இறங்கியிருந்தது. டவுனில் இந்நேரம் பேருந்து நகர்ந்திருக்கும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அப்பா கிளம்பிவிட்டார் என்று நம்பி, ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாராம். எதைப் பார்த்துச் சொன்னாள் இவள்?

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மஞ்சள்காரர் பக்கம் நகர்ந்து வந்தார். "ஏண்ணே, கடைசிப் படகு நேரமும் போயிடுச்சு. அந்தத் தம்பி ராத்திரி எங்க தங்குவாரு?"

சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவரு மாமனாரைத்தான் கேக்கணும்."

படகுக்காரர் எழுந்து கயிற்றை அவிழ்த்தார்.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம். இந்த நேரத்தில் படகை எடுக்கிறவன் மடையன் என்பது அவருடைய சொந்தக் கருத்து. போகிற வருகிற படகுக்காரர்களைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வழக்கமாக மேல்பக்கமாகப் போய், திட்டைச் சுற்றிக்கொண்டு இறங்குவார். அந்த வழி இந்நேரம் அடைத்திருக்கும். நேராக விட்டார். தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு அடியில் மணலின் வரிகள் தெரிகிற மஞ்சள். வேகத்தைக் குறைத்தார். பாறையில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான். இன்னும் நூறடி. எழுபதடி. அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல. படகு மூக்கைத் தூக்கி நின்றது. அவர் இன்ஜினை அணைத்து மேலே தூக்கினார். துடுப்பால் ஊன்றித் தள்ளினார். துடுப்புதான் உள்ளே போயிற்று. படகு பெருமூச்சு விட்டாற்போல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் தரை தட்டியதே இல்லை. தட்டியவர்களை வைத்துப் பல வருடம் சிரித்திருக்கிறார். இனி இரவு ஒன்பது மணிக்குமேல்தான் தண்ணீர் வரும். அதுவரை படகு இங்கேயே கிடக்கும், எல்லோரும் பார்க்கும்படி.

"அண்ணே! மாட்டிக்கிச்சா?" என்று பின்னாலிருந்து காற்றில் ஒரு குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் கேமரா இருக்கும்.

மருமகன் பாறையிலிருந்து இறங்கியிருந்தான். சேறு தொடங்குகிற இடத்தில் வந்து நின்றான். இருவருக்கும் நடுவில் அறுபதடி. முதலில் தொடை அளவு ஓடும் தண்ணீர், அப்புறம் பளபளவென்று வழவழப்பாக, பார்க்கத் தரைபோலவே இருக்கும் சேறு. தெரியாதவன் கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும். அவன் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

"ஆழமா?" என்று கேட்டான்.

எல்லாக் கால்நடைகளும் கேட்கிற கேள்விதான். அதற்கு அவர் வைத்திருந்த பதில்கள் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது. சாலைப் பக்கம், மேட்டில், ஏதோ ஒரு வண்டியின் ஹார்ன் சத்தம். நாலே முக்காலுக்குத்தான் பேருந்து வரும். அது வரும்போது துறையில் இறங்குகிறவளுக்கு இங்கே இருப்பதெல்லாம் தெரியும். சாய்ந்த படகு, அதில் ஒரு தலை, கரையில் ஒரு தலை.

"அங்கயே நில்லுங்க," என்றார். இன்னொரு தடவை, சத்தமாக, "கால் வைக்காதீங்க. சேறு. நான் வர்றேன்."

நங்கூரத்தை எடுத்துத் திட்டில் போட்டார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தார், பிறகு மற்ற காலை. ரப்பர் பூட்ஸின் வாயைத் தாண்டித் தண்ணீர் சில்லென்று உள்ளே இறங்கியது. ஓடும் தண்ணீரைக் கையை விரித்தபடி கடந்தார். சேற்றில் எங்கே கிளிஞ்சல் படுகை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பாதி வழியில் இடது கால் முழங்கால்வரை போயிற்று. இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தபோது கால் மட்டும் வந்தது, வெள்ளையாக, வெகுநாள் வெயில் படாத காலாக. அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். கரையில் நின்றவன் ஒரு கையில் ஷூவைப் பிடித்தபடி மற்ற கையைப் பாதி தூக்கினான், நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல். அவருக்குப் பின்னால், சேற்றில் தனியாக நின்ற பூட்ஸுக்குள் தண்ணீர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.